முறிந்த காலும் வீட்டுப் பராமரிப்பும்



தோட்டப்புறத்தில் கால் முறிவு புதிய செய்தி அல்ல. செம்பனைக் குலை தவறி விழுந்து முழங்காலுக்குக் கீழே முறிகிறது. மழை பெய்த செம்மண் சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்குகிறது. பால்வாளியோடு மேட்டில் இறங்கும்போது கால் மடங்கி விழுகிறோம். ஆம்புலன்ஸ் வருகிறது, பட்டணத்து மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நடக்கிறது, சில நாட்களில், “வீட்டுக்குப் போகலாம்” என்று சொல்லிவிடுகிறார்கள். குடும்பத்தாருக்குக் கலக்கம் பிடிப்பது அப்போதுதான். ஒரு பையில் மாத்திரை, மலாய் மொழியில் அச்சிட்ட ஒரு தாள், இரண்டு ஊன்றுகோல். இவற்றோடு ஆளைக் கொண்டுவந்து அஞ்சடியில் இறக்கியாயிற்று. அடுத்து என்ன செய்வது?

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, “வாத்தியாரையா, இதைப் படித்துச் சொல்லுங்கள்” என்று பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்கள் உண்டு. நாங்கள் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள், மருத்துவர்கள் அல்லர். என்றாலும் இப்படிப் படித்துச் சொல்லியும், புரியாததை மருத்துவமனையில் கேட்டுத் தெளிந்தும் அறிந்த சிலவற்றை இன்று உங்களோடு பேசலாம் என்று நினைக்கிறோம்.

முதலில், அறுவையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வோம். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பு நடுவில் முறிந்தால், அதன் உட்குழலில் நீண்ட உலோகக் கம்பி ஒன்றைச் செலுத்தி, மேலும் கீழும் திருகாணியால் பூட்டுகிறார்கள். மூட்டுக்கு அருகில் முறிந்தால் பெரும்பாலும் தகடு வைத்துத் திருகாணி போடுவார்கள். எலும்புக்குள் கம்பி செலுத்தும் இந்த முறையைப் பரவச் செய்தவர் ஜெர்மானிய மருத்துவர் கெர்ஹார்ட் குன்ச்சர். 1939ஆம் ஆண்டில் அவர் இதைத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் பெரிய எலும்பு முறிந்தவர், காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி வாரக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடக்க வேண்டியிருந்தது. ஆளை விரைவில் எழுப்பி உட்கார வைக்கவும் நடக்க வைக்கவும்தான் கம்பி வந்தது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி வைத்த ஆளை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து மீண்டும் மாதக்கணக்கில் கட்டிலில் கிடத்தினால், அறுவை செய்ததன் பாதிப் பயன் போய்விடுகிறது.

கம்பி எலும்பை ஒட்டவைப்பதில்லை. அசையாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. ஒட்டுகிற வேலையை உடம்பே செய்கிறது. முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. இரண்டு மூன்று வாரத்தில் அங்கே மெத்தென்ற இணைப்பு உண்டாகிறது. பிறகு மெல்ல மெல்லச் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. பெரியவர்களுக்குக் கீழ்க்கால் எலும்பு நன்றாகக் கூட மூன்று முதல் ஆறு மாதம் வரை ஆகலாம். சிறு பிள்ளைகளுக்கு விரைவில் கூடிவிடும். ஆகவே, “இரும்பே வைத்தாயிற்று, இனி என்ன பயம்?” என்று இரண்டாம் வாரமே பெரட்டுக்குக் கிளம்புவதும் தவறு. எலும்பு கூடாமல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் திருகாணி உடையும், கம்பியே வளையும்.

ஆனால் உண்மையைச் சொன்னால், அவசரப்பட்டுக் கிளம்புகிறவர்களைவிட, அன்பினால் முடக்கப்படுகிறவர்களே நம்மிடையே அதிகம். “அசையாதே, நான் எடுத்துத் தருகிறேன்” என்று அம்மா சொல்கிறார். மனைவி சோறு ஊட்டாத குறைதான். முழங்காலுக்கு அடியில் பஞ்சுத் தலையணையை வைத்து இதமாக மடக்கி வைக்கிறார்கள். நோயாளிக்கும் அது சுகமாக இருக்கிறது. இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு அழகாகக் கூடியிருக்கும். முழங்காலோ நீட்டவும் வராது, மடக்கவும் வராது. தொடைச் சதை வற்றிப்போயிருக்கும். எலும்பு கூடிய பிறகும் ஆள் நொண்டுவது பல நேரங்களில் இதனால்தான்.

தலையணை வைக்க வேண்டிய இடம் கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அடியில். முழங்கால் நேராக நீண்டிருக்க, கால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே உயர்ந்திருக்கட்டும். வீக்கம் வடிய இதுவே வழி. காலைக் கீழே தொங்கவிட்டதும் அது சிவந்து கறுத்து வீங்குவதைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். தூக்கி வைத்தால் வடிந்துவிடும் வீக்கம் சில மாதம் வரையில் கூட இருக்கலாம், அது இயல்பு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலில் வைக்காதீர்கள். கட்டும் நனையக் கூடாது.

பயிற்சி என்றால் பெரிய காரியம் ஒன்றுமில்லை. மாவுக்கட்டு தடுக்காவிட்டால், கணுக்காலை முன்னும் பின்னும் பம்பு அடிப்பதுபோல் அசைக்க வேண்டும். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போது இரத்தத்தை மேலே தள்ளுகிறது. அப்படித் தள்ளாமல் கிடந்தால்தான் இரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் உண்டு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து இருபது தடவை செய்யலாம். அடுத்தது, காலை நீட்டிக்கொண்டு முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தி, தொடைச் சதையை இறுக்கி, ஐந்து வரை எண்ணிவிட்டு விடுவது. முழங்காலை மடக்குவது, காலைத் தூக்குவது போன்றவற்றை மருத்துவரோ பிசியோதெரபிக்காரரோ காட்டித் தந்த பிறகு, காட்டித் தந்தபடியே செய்யுங்கள். கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். கொடுத்திருக்கும் வலி மாத்திரையைச் சாப்பிட்டு அரைமணி கழித்துச் செய்தால் எளிதாக இருக்கும். ‘மாத்திரை உடம்புக்குச் சூடு’ என்று அதை ஒதுக்கிவிட்டு, வலிக்குப் பயந்து அசையாமல் கிடப்பதில் என்ன இலாபம்?

எண்ணெய் போட்டு உருவுவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தோட்டத்துக்குத் தோட்டம் கைராசிக்காரர் ஒருவர் இருப்பார். சுளுக்குக்கும் பிடிப்புக்கும் அவர் கை பட்டால் சுகம் கிடைக்கலாம். அதை நாம் மறுக்கவில்லை. அறுவை செய்த காலில் அவர் கை படக் கூடாது. கூடிக்கொண்டிருக்கும் இளம் இணைப்பு அழுத்தி உருவினால் விலகலாம். காலின் இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருந்து, உருவும்போது அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. தையல் காயத்தில் மஞ்சள், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதையும் அப்பாதீர்கள். உள்ளே உலோகம் இருக்கிறது. வெளிப்புண்ணில் நுழையும் கிருமி அதில் போய் ஒட்டிக்கொண்டால் விரட்டுவது மிகக் கடினம். காயம் உலர்ந்து சுத்தமாக இருந்தால் போதும். தையலைப் பெரும்பாலும் பத்து முதல் பதினான்கு நாளில் பிரிப்பார்கள். மாவுக்கட்டுக்குள் அரிக்கிறதே என்று ஈர்க்குச்சியை விடுகிற பழக்கமும் வேண்டாம். உள்ளே கீறல் விழுந்து சீழ் பிடித்தால் வெளியில் தெரியாது.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது வேடிக்கையானது. அறுவை செய்தவருக்கு மலாய்க்காரக் குடும்பங்கள் ஹாருவான் என்னும் விரால் மீனைத் தேடிப் பிடித்துச் சமைத்துக் கொடுக்கின்றன. சீனர் வீடுகளிலும் அந்த மீன் சூப்பு உண்டு. நாமோ மீனா, முட்டையா, புண் பழுத்துவிடும் என்று பத்தியம் வைத்து, மிளகு இரசமும் சோறுமாகப் போடுகிறோம். காயம் ஆறவும் எலும்பு வளரவும் புரதம் வேண்டும். முட்டை, மீன், நெத்திலி, கோழி, பருப்பு, பால், தெம்பே, முருங்கைக்கீரை, இவற்றில் வீட்டில் முடிந்ததை ஒவ்வொரு வேளையும் கொடுங்கள். ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் ஆட்டின் எலும்பு நம் காலில் வந்து ஒட்டிக்கொள்ளாது, ருசிக்காகக் குடிக்கலாம். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கல் உண்டாக்கும் என்பதால் பழமும் கீரையும் தண்ணீரும் நிறைய வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தால்தான் புண் ஆறும். சிகரெட்டு எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள், பொழுது போகட்டும் என்று சிகரெட்டுப் பெட்டி வாங்கி வருவதைக் கண்டிருக்கிறோம். இரண்டு பப்பாளிப் பழம் வாங்கி வரட்டுமே.

வீட்டில் பெரிய இடைஞ்சல் கழிப்பறைதான். குந்தி உட்காரும் கழிப்பறையை இந்தக் காலில் பயன்படுத்த முடியாது. நடுவில் துளையுள்ள கமோட் நாற்காலியை வாங்கவோ இரவல் பெறவோ முடியுமா என்று பாருங்கள். குளிக்க உறுதியான நாற்காலி ஒன்று போதும். கட்டை பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டி, காலை வெளியே நீட்டிக்கொண்டு குளிக்கலாம். வழியில் கிடக்கும் பாய், கால்மிதியடி, மின்விசிறிக் கம்பி எல்லாவற்றையும் அகற்றிவிடுங்கள்.

ஊன்றுகோலை, நம்மில் பலர் தொங்காட் என்று மலாய்ச் சொல்லாலேயே சொல்வதை, அக்குளில் மாட்டித் தொங்குகிறவர்கள் உண்டு. அக்குளுக்கும் கோலின் முனைக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். பாரத்தை உள்ளங்கை தாங்க வேண்டும். அக்குளில் அழுத்தினால் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போகும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் முறிந்த காலும் முதலில். காலைத் தரையில் ஊன்றவே கூடாதா, விரல் மட்டும் படலாமா, தாங்கும் அளவுக்கு ஊன்றலாமா என்பது முறிவுக்கு முறிவு மாறும். பக்கத்து லயத்துக்காரர் ஒரே மாதத்தில் ஊன்றினாரே என்று நாமும் ஊன்றக் கூடாது. மருத்துவமனையை விட்டு வருமுன் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கெண்டைக்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி வலித்தால், தையலில் சீழோ பரவும் சிவப்போ காய்ச்சலோ இருந்தால், மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறிக்கொண்டே போய் விரல்கள் மரத்து நீலம் பாய்ந்தால், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999க்கு அழையுங்கள்.

பணக் கவலை இல்லாத வீடு எது? வேலையிடத்திலோ, வேலைக்குப் போய்வரும் வழியிலோ அடிபட்டிருந்தால் சொக்சோ உண்டு. மருத்துவர் நான்கு நாளுக்குக் குறையாமல் விடுப்பு எழுதியிருந்தால், அந்த விடுப்புக் காலத்துக்குச் சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆகவே அன்றே அலுவலகத்தில் கிராணியாரிடம் சொல்லி, விடுப்புச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலைக்குத் திரும்ப முடியாதவர்களுக்குச் சொக்சோவின் ‘மீண்டும் வேலைக்கு’த் திட்டம் 2007ஆம் ஆண்டு முதல் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள்.

ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. அப்பா காலுடைந்து கிடக்கிறார், அம்மா விடியுமுன் வேலைக்குப் போக வேண்டும்; உடனே வீட்டில் நிறுத்தப்படுவது பத்துப் பதினொரு வயதுப் பெண்பிள்ளைதான். மூன்று வாரம், நான்கு வாரம் அவள் இடம் வகுப்பில் காலியாக இருக்கிறது. திரும்பி வரும்போது கணக்கில் பின்னம் போய் தசமம் வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளை பேந்தப் பேந்த விழிக்கிறாள். காலையில் குடிதண்ணீர், பசியாற ஏதாவது, சிறுநீர்ப் புட்டி, கைத்தொலைபேசி, மாத்திரை ஆகியவற்றைக் கை எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, அண்டை வீட்டுப் பெரியம்மாவிடம் நடுவில் இரண்டு முறை எட்டிப் பார்க்கச் சொன்னால், நடுவயது ஆண்பிள்ளை மத்தியானம் வரை தனியாக இருக்க முடியாதா? இருக்க முடியும். தானே சிலவற்றைச் செய்துகொள்வது அவருக்கும் நல்லது. வேலையில்லாமல் கிடக்கும் ஆணுக்கு வரும் எரிச்சலும் மனச்சோர்வும் அதனால் சற்றுக் குறையும்.

பிள்ளை பள்ளி விட்டு வந்து செய்ய வேலை இருக்கிறது. பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்து, தேதி போட்டு, அப்பா எந்த மாத்திரை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், பயிற்சி எத்தனை தடவை செய்தார், காய்ச்சல் இருந்ததா என்று எழுதட்டும். அப்பா தொடையை இறுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணட்டும். அடுத்த எக்ஸ்ரே தேதியை அட்டையிலேயே பெரிதாக எழுதி வைக்கட்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றைக் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது ஊன்றலாம், எப்போது மோட்டார் சைக்கிள் ஓட்டலாம், எப்போது வேலைக்குப் போகலாம், கம்பியை எடுக்க வேண்டுமா, அப்படியே விடலாமா? போகும் அன்று அந்தப் புத்தகத்தையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.