திருத்தக் கூடாத பிழை

இணையத்தில் ஓரிடத்திலுள்ள தரவுகளை மற்றோரிடத்திற்குக் கொண்டுவந்து சேர்க்கும் கருவிகளுள் 'கர்ல்' உலகெங்கும் வழங்குவது. பிரேசில் நாட்டவர் ஒருவர் 1996ஆம் ஆண்டு எழுதிய சிறு நிரலைச் சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பர்க் கையிலெடுத்து வளர்த்தார். 1998ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கர்ல் என்னும் பெயரால் வெளியிட்டார். நாணய மாற்று விகிதங்களை எடுத்துவருவதே தொடக்கத்தில் அதற்கு அவர் கருதிய பணி. இன்று மகிழுந்திலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் கைப்பேசியிலும் அது குடியிருக்கிறது. அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் மாற்றவும் திறந்து வைக்கப்பட்டது. உடன்வரும் விளக்கக் கையேடும் அவ்வாறே. கையேட்டில் எழுத்துப்பிழை கண்டவர் அதனைத் தாமே திருத்தி அனுப்பலாம்.

எழுத்துப்பிழை திருத்துவதைக் கடைநிலைப் பணியாகக் கருதுவோர் உளர். நிரல் எழுதுவோரிடையேயும் அவ்வெண்ணம் உண்டு. 'பெறுதல்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லில் இரண்டு உயிரெழுத்துகள் இடம் மாறி நின்றால் என்ன குடிமுழுகிவிடும் என்று அவர்கள் கேட்கக்கூடும். உண்மையே, அத்தகைய பிழையால் எவரும் பொருள் மயங்குவதில்லை. ஆயினும் கையேட்டை நாடி வருபவர் பெரும்பாலும் ஐயத்தோடு வருபவர். ஒரே பக்கத்தில் மூன்று சொற்கள் தவறாக நிற்கக் கண்டால், எண்களும் கட்டளைகளும் மட்டும் சரியாக இருக்குமா என்னும் ஐயம் அவருக்கு எழுவது இயல்பு.

திருத்தம் செல்லும் வழி நேரியது. படித்தவர் கையேட்டின் மூலத்தைப் படியெடுத்துத் திருத்துகிறார். பழைய வரியின் முன் கழித்தல் குறியும் புதிய வரியின் முன் கூட்டல் குறியும் இட்ட ஒரு சிறு ஏடு உருவாகிறது. அதனைப் பொறுப்பாளர் பார்த்து, ஏற்பின் இணைத்துக்கொள்கிறார். ஓரெழுத்துத் திருத்தமாயினும் செய்தவர் பெயரும் நாளும் வரலாற்றில் நிலைத்துவிடும். அச்சுக்கூடங்களில் மெய்ப்புத் திருத்தியோர்க்கு இப்பேறு வாய்த்ததில்லை.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உள. யூனிக்ஸ் மரபிலான கையேட்டுப் பக்கங்களைத் திரையில் வடிவமைத்துக் காட்டும் குரோஃப் என்னும் மென்பொருள், விசைப்பலகையில் வெறுமனே இட்ட சிறுகோட்டைச் சொற்களை இணைக்கும் கோடாகவே கொள்ளும். முன்னே ஒரு சாய்கோடு இட்டால்தான் அது கழித்தல் குறியாகும். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் கட்டளைகளின் விருப்பங்கள் கழித்தல் குறியில் தொடங்குபவை. எழுதியவர் சாய்கோட்டை மறந்திருந்தால், அவ்வரியை அப்படியே படியெடுத்து இடுபவர்க்குக் கட்டளை இயங்காது. எங்கே தவறினோம் என்பதும் விளங்காது. இத்தொல்லையைத் தவிர்க்க லினக்ஸ் தொகுப்பாளர் பலர் இரண்டையும் ஒன்றாகவே காட்டுமாறு அமைத்துக்கொண்டனர். 2023ஆம் ஆண்டு குரோஃப்பின் புதிய பதிப்பு வெளிவந்தபோது இவ்வழக்கு மீண்டும் எழுந்தது. ஒரு சிறு கோட்டின்பொருட்டு இத்துணை வாதமா என வியக்கலாம். புள்ளியில்லா ஏட்டில் மெய்யா உயிர்மெய்யா என்று தெளிவதற்குச் சுவடிப் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்தோர்க்கு அவ்வியப்புத் தோன்றாது.

எனினும் திருத்துவோனின் அறிவை முழுமையாகச் சோதிப்பது வேறொரு வகைப் பிழை. அது திருத்தக் கூடாத பிழை.

வாசகர் எப்பக்கத்திலிருந்து இப்பக்கத்திற்கு வந்தார் என்பதை உலாவி வழங்கிக்கு அறிவிக்கும் தலைப்புவரி ஒன்றுண்டு. 'ரெஃபரர்' என்பது அதன் பெயர். ஆங்கில அகராதிப்படி அச்சொல்லின் நடுவே 'ஆர்' என்னும் எழுத்து இரட்டித்து வரவேண்டும். 1990களின் முற்பகுதியில் பிலிப் ஹாலம்பேக்கர் இதனை முன்மொழிந்தபோது ஓர் 'ஆர்' விடுபட்டது. சரிபார்க்கும் கருவி இருந்தும் பயனில்லை. அக்காலத்து யூனிக்ஸ் எழுத்துச் சரிபார்ப்பி இரண்டு வடிவங்களையுமே அறியாது என்பதை ராய் ஃபீல்டிங் 1995ஆம் ஆண்டு மார்ச்சில் சுட்டிக்காட்டினார். அதற்குள் உலாவிகளும் வழங்கிகளும் பிழைவடிவையே பேசத் தொடங்கிவிட்டன. 1996ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1945 என்னும் ஆவணம் அதனை ஏற்றது. 1999இல் வந்த ஆர்.எஃப்.சி. 2616, 2022இல் வந்த ஆர்.எஃப்.சி. 9110 ஆகிய இரண்டும் இப்பெயரின் எழுத்துக்கூட்டல் தவறானது என வெளிப்படையாகக் கூறிவிட்டு, அத்தவற்றையே விதியாக வகுக்கின்றன. மூலத்தில் உள்ளதை உள்ளவாறே பதிப்பித்துத் தம் கருத்தை அடிக்குறிப்பில் வைக்கும் பதிப்பு நெறியன்றோ இது!

கர்ல் கருவியின் கையேட்டுக்கு வருவோம். இத்தலைப்புவரியை அனுப்புதற்குரிய நீண்ட விருப்பம் ஒற்றை 'ஆர்' கொண்டே எழுதப்படுகிறது. ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் கையேட்டின் அப்பகுதியைப் படித்து, நல்லெண்ணத்தோடு அதனை இரட்டிக்கச் செய்தால் நேர்வது என்ன? அதைப் பார்த்துக் கட்டளையிடுபவரிடம், அப்படியொரு விருப்பத்தை அறியேன் எனக் கர்ல் மறுத்துவிடும். அதுவேனும் நன்று. தலைப்புவரியின் பெயரையே இரட்டித்து வழங்கிக்கு அனுப்பினால், வழங்கி அதனைத் தனக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒரு பெயர் என விட்டுவிடும். மறுப்பும் வாராது, எச்சரிக்கையும் வாராது. தவறான சொல் பயன்தர, சரியான சொல் ஓசையின்றிப் பாழாகும்.

இவ்வளவில் நின்றிருந்தால் 'எங்கும் ஒற்றை' என்று விதி செய்துகொள்ளலாம். அதற்கும் வழியில்லை. உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இதே செய்தியைக் குறிக்கும் பெயர் இரட்டித்தே வருகிறது. இச்செய்தியை எவ்வளவுக்கு வெளிப்படுத்தலாம் என்பதை வரையறுக்கும் பிற்காலத் தலைப்புவரியின் பெயரிலும் இரட்டிப்பே உண்டு. இனி, கையேட்டின் விளக்க வாக்கியத்தில் அச்சொல் வெறும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லாக வருமிடத்தில் அகராதியே ஆளும். ஆகவே ஒரே பக்கத்தில் இரு வடிவங்களும் தத்தம் இடத்தில் சரியாகவே நிற்கக் கூடும். இங்கே சொல் மனிதனுக்கா, இயந்திரத்துக்கா என்று வரிதோறும் ஆராயாமல் எழுதுகோலை எடுத்தல் தகாது.

சரிபார்க்கும் கருவிகள் இவ்வாராய்ச்சியைச் செய்யவல்லன அல்ல. அகராதியோடு ஒப்பிடும் கருவி, வலைப்பின்னல் கையேட்டின் பக்கத்துக்குப் பத்துச் சொற்களைத் தவறு எனக் கூவும். கட்டளைப் பெயர்கள் எவ்வகராதியில் உள்ளன? கோட்ஸ்பெல் என்னும் கருவி வேறு வழி கண்டது. உலகோர் வழக்கமாகச் செய்யும் பிழைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவை கண்ணிற்பட்டால் மட்டும் வாய்திறக்கும். அடக்கமான முறை. ஆயினும் அதற்கும் விலக்குப் பட்டியல் ஒன்றை மனிதரே எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. நிரல் திரையில் காட்டும் செய்திகளிலோ சிக்கல் இன்னும் நுண்ணியது. அச்செய்தியின் சொற்களைத் தேடிப் பிடித்துச் செயற்படும் வேறொரு நிரல் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். இங்கு ஓரெழுத்தைத் திருத்த, அங்கு அது நின்றுபோகும். யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் அழைப்பின் பெயர் இறுதி எழுத்தின்றி வழங்குவது பலரும் அறிந்தது. யூனிக்ஸை மீண்டும் படைப்பதாயின் எதை மாற்றுவீர் என வினவப்பட்டபோது, அவ்வெழுத்தைச் சேர்ப்பேன் என்று கென் தாம்சன் விடையிறுத்தார். சேர்க்கப்படவில்லை.

திருத்தம் பண்டமாற்றுப் பொருளாகும்போது அது எவ்வளவு தாழும் என்பதற்கும் சான்றுண்டு. 2020ஆம் ஆண்டு அக்டோபரில், திறந்த மூலநிரல் திட்டங்களுக்கு நான்கு திருத்தங்கள் அனுப்பியவர்க்குச் சட்டை ஒன்று பரிசு என ஒரு நிறுவனம் அறிவித்திருந்தது. கையேடுகளில் பொருளற்ற புகழ்ச்சொற்களைச் செருகியும், சரியான சொற்களைக் கலைத்தும் ஏடுகள் வெள்ளமெனக் குவிந்தன. சம்பளமின்றிப் பணிபுரியும் பொறுப்பாளர் பலர் அவற்றைத் தள்ளுவதிலேயே தம் நாள்களைச் செலவிட்டனர். சில நாள்களிலேயே விதி மாற்றப்பட்டு, விரும்பி இசைந்த திட்டங்களுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது. அவ்வெள்ளத்தில் உண்மையான திருத்தங்களும் ஐயத்துக்குள்ளாயின என்பதே வருந்தத்தக்கது. ஒரு கமாவைப் பொறுப்போடு திருத்தி அனுப்பிய புதியவரும் சட்டைக்கு வந்தவராகவே பார்க்கப்பட்டார்.

கர்ல் கருவியின் கையேட்டுத் தொகுப்பில் நன்றியுரைக் கோப்பு ஒன்று உள்ளது. இதுகாறும் உதவியவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் அகர வரிசையில் நிற்கின்றன. இன்னார் மறையாக்கப் பகுதியை எழுதினார், இன்னார் விடுபட்ட எழுத்தொன்றைச் சேர்த்தார் என்னும் குறிப்பு எப்பெயரின் அருகிலும் இல்லை.