சேனையின் அங்கங்களும் அவற்றின் படமும்
(திருப்புல்லாணியில் கூடிய நமது சங்க மகாசபையில் நிகழ்த்திய பிரசங்கம்)



இம்மேடையில் கல்வி நிதியைப் பற்றியும் விவாகச் செலவைச் சுருக்குவது பற்றியும் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம் சிலருக்கு விசித்திரமாகத் தோன்றக்கூடும். ஒரு தேசத்தின் ஸைன்யம் போன்ற மாபெரும் ஸ்தாபனத்தை எங்ஙனம் படமாக வரைந்து அறிவது என்பதே அது. மேனாட்டார் இக்கலையை ‘என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர்’ என்பர். நாம் இதனை ஸ்தாபனச் சிற்பம் என்று வழங்குவோம். நமது குடும்பங்களில் ராணுவத்திலும் கப்பற்படையிலும் பணிபுரியும் பிள்ளைகள் உளர். நாமோ கடலோரத்தில் வாழும் ஜனங்கள். ஆதலின் இஃது அந்நிய விஷயமன்று.

இவ்வூர் ஆதிஜகந்நாதப் பெருமாள் ஸந்நிதியில் உத்ஸவ காலத்துப் புறப்பாட்டை எண்ணிப் பாருங்கள். மடைப்பள்ளியில் தளிகை ஆகாமல் நிவேதனமில்லை; நிவேதனமாகாமல் புறப்பாடில்லை. ஸ்ரீபாதம்தாங்கிகள் வந்து நிற்க வேண்டும். மேளம் வர வேண்டும். தீவட்டிக்கு எண்ணெய் வேண்டும். யார் யாருக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஏட்டில் இராது. அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் மனத்தில் இருக்கும். அவர் நோயுற்றுப் படுத்துவிட்டால் அவ்வாண்டுப் புறப்பாடு தாமதிக்கும். ஓர் ஊர்க் காரியத்திற்கே இவ்வளவு எனின், பல லக்ஷம் பேரும், ஆயிரக்கணக்கான ஆயுதங்களும், மூன்று படைகளும், அவற்றிற்கு மேற்பட்ட இலாகாக்களும் அடங்கிய ஏற்பாட்டைப் பற்றிக் கேட்கவும் வேண்டுமோ?

1987-ஆம் வருஷத்தில் ஜான் ஸாக்மன் என்பவர் ஐ.பி.எம். கம்பெனியின் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். கட்டிடம் கட்டுவோர் சொந்தக்காரனுக்கு ஒரு படம், கொத்தனுக்கு ஒரு படம் என வரைவதுபோல, ஒரு ஸ்தாபனத்தையும் பார்ப்பவருக்கேற்பப் பல படங்களாக வரைய வேண்டும் என்பது அவர் கொள்கை. எது, எவ்வாறு, எங்கே, யார், எப்பொழுது, ஏன் என்னும் ஆறு வினாக்களும் 1992-இல் அவ்வமைப்பில் முழுமை பெற்றன. நம் வீட்டுக் கணக்குப் பிள்ளைகள் இவற்றை அறியாதவரல்லர். ஆயினும் ஆறையும் ஒருசேரக் கேட்பவர் அரியர்.

ஸைன்யத்தார் இதன் அவசியத்தைத் துன்பப்பட்டே உணர்ந்தனர். 1991-ஆம் வருஷத்து வளைகுடா யுத்தத்தில், எந்த விமானம் எந்த இலக்கிற்குச் செல்வது என்னும் நீண்ட கட்டளைப் பத்திரம் நாள்தோறும் ரியாத் நகரில் தயாராயிற்று. அமெரிக்க ஆகாயப்படையின் யந்திரங்கள் அதனை அனுப்ப வல்லன; அதே தேசத்துக் கப்பற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்த யந்திரங்களோ அதனைப் பெற வல்லனவல்ல. ஆகவே கட்டளைப் பத்திரத்தையே விமானத்தில் ஏற்றிக் கப்பல்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தனர். பணத்துக்கோ அறிவுக்கோ அங்குக் குறைவில்லை. ஒவ்வொரு படையும் தனக்கு வேண்டியதைத் தானே வாங்கியது. இரண்டும் சந்திக்கும் இடத்தை வரைந்து பார்த்தவர் இல்லை.

இத்தகைய குறைகளைக் களையவே 1996-இல் அந்நாட்டில் ஒரு படமுறை ஏற்பட்டது. அதுவே 2003-இல் ‘டோடாஃப்’ என்னும் பெயர் பெற்று, 2009-இல் இரண்டாம் பதிப்பாக விரிந்தது. பிரிட்டிஷார் 2005-இல் ‘மோடாஃப்’ என ஒன்று வகுத்தனர்; நேட்டோ கூட்டத்தாருக்கும் ஒன்று உண்டு. இவற்றின் உட்பிரிவுகளை விவரித்தால் சபையோர் உறங்கிவிடுவர். ஆதியில் இருந்த மூன்று பார்வைகளை மட்டும் கூறுவோம். முதலாவது, காரியப் பார்வை: யார் யாருக்கு என்ன சமாசாரம் அனுப்ப வேண்டும், அதன்மேல் யார் என்ன செய்ய வேண்டும் என்பது. இரண்டாவது, ஸாதனப் பார்வை: அதற்குரிய யந்திரங்கள் எவை, அவை எங்கே இணைகின்றன என்பது. மூன்றாவது, நியமப் பார்வை: அவ்யந்திரங்கள் எந்தப் பொது விதிக்கு இணங்கிப் பேசுகின்றன என்பது. வளைகுடாவில் முதற்பார்வை சரியாகவே இருந்தது; பின்னிரண்டும் பிழைத்தன.

நிற்க. நமது தேசத்திற்கு வருவோம். கார்கில் யுத்தத்தின் பின் 1999-இல், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த கே. சுப்பிரமணியம் அவர்கள் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. உளவுச் செய்திகள் ஒன்றுசேராமல் துண்டுதுண்டாய்க் கிடந்தமையை அது எடுத்துக்காட்டிற்று. 2001-இல் மந்திரிகள் குழு முப்படைகளுக்கும் பொதுவான தலைமைத் தளபதி ஒருவர் வேண்டுமென்றது. அப்பதவியில் முதலாமவராக ஜெனரல் பிபின் ராவத் அமர்ந்தது 1-1-2020-இல். ஒரு படத்தில் ஒரு பெட்டியைச் சேர்க்கப் பத்தொன்பது வருஷங்கள் சென்றன! பெட்டி வரைவது எளிது. அதற்கு அதிகாரக் கோடு இழுப்பதே கடினம்.

கடலைப் பற்றிய பாடம் இன்னும் கொடியது. 26-11-2008 இரவு பம்பாயில் இறங்கிய பத்துப் பேரும் ‘குபேர்’ என்னும் மீன்பிடி படகைக் கைப்பற்றியே நம் கடலுக்குள் வந்தனர். 166 உயிர்கள் மாய்ந்தன. அதன்பின் 2009-இல் கடற்பாதுகாப்பின் முழுப்பொறுப்பும் கப்பற்படையினது என விதிக்கப்பட்டது. 2014-இல் குருகிராமத்தில் ஒரு மத்திய நிலையம் திறக்கப்பட்டு, கப்பற்படையும் கடலோரக் காவல்படையும் சேர்ந்த 51 நிலையங்கள் ஒரே வலையில் இணைந்தன. 2019 ஜனவரியில் ‘ஸீ விஜில்’ என்ற ஒத்திகை முதன்முறையாகத் தேசத்தின் கரை முழுதும் நடைபெற்றது.

இனி நம் வாயிலுக்கு வருவோம். சேதுக்கரைக்கு எதிரே இரவில் வலைபோடும் நம்மவர் ஒருவர், முன்பின் அறியாத படகொன்றை விளக்கின்றிப் போகக் காண்கிறார் எனக் கொள்வோம். அவர் யாரிடம் சொல்வது? 1093 என்னும் எண்ணில் தமிழ்நாட்டுக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். அது மாகாணப் போலீஸைச் சேர்ந்தது. 1554 என்னும் எண்ணில் இந்தியக் கடலோரக் காவல்படை. அது மத்திய பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்தது. மண்டபத்தில் அதற்கு நிலையமும், ஆழமில்லாக் கடலில் ஓடவல்ல ஹோவர்கிராஃப்ட்களும் உண்டு. (இவ்விரண்டின் பெயரும் ஒன்றுபோல் ஒலிப்பது யார் செய்த உபகாரமோ, அறியோம்.) உச்சிப்புளியில் 2009-இல் கொடியேற்றிய ‘பருந்து’ விமானத்தளம் கப்பற்படையுடையது, அதன் மேலதிகாரம் விசாகப்பட்டினத்தில். கள்ளச் சரக்கெனில் சுங்க இலாகா. அது நிதி மந்திரிக்குட்பட்டது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் ஒன்றில் படகு ஒதுங்கினால் வன இலாகா. படகின் பதிவைக் கேட்டால் மீன்துறை. எல்லைக் கோடோ 1974, 1976 உடன்படிக்கைகளின்படி சமீபத்திலேயே உள்ளது. அதனைத் தாண்டினால் வெளிநாட்டு விவகார இலாகாவும் வந்து சேரும்.

இத்தனை இலாகாக்களும் தத்தம் கடமையில் வல்லவை. அவற்றின் நடுவிலுள்ள இடைவெளிகள் எவருடையவை என்பதே கேள்வி. மேற்சொன்ன படமுறையின் ஒரு வகையில், நேரத்தை மேலிருந்து கீழாக வைத்து, அங்கங்களைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, ஒவ்வொரு செய்தியையும் ஓர் அம்பாக வரைவர். நம்மவர் கண்ட படகின் கதையை அப்படி வரைந்து பாருங்கள். முதல் அம்பிலேயே தடை: கரையிலிருந்து சற்று விலகினால் கைப்பேசி பேசாது, வயர்லெஸ் இல்லாத வல்லங்கள் பல. இரண்டாம் அம்பில் பாஷை: கேட்பவர் தமிழறிந்தவரோ? மூன்றாம் அம்பில் அதிகாரம்: பெற்ற செய்தியை மற்ற இலாகாவிற்குத் தானே சொல்லலாமா, மேலிடத்து உத்தரவு வேண்டுமா? ராடார் குறையை ராடார் வாங்கித் தீர்க்கலாம்; இம்மூன்றும் ராடாரினால் தீர்வனவல்ல.

இதனைக் கேட்டுப் படம் வரைவதே பாதுகாப்பு என எவரும் மயங்க வேண்டா. அமெரிக்கப் பாதுகாப்பு இலாகா தன் நிர்வாகக் காரியங்களுக்கென வரைந்த சிற்பத்திற்குப் பத்து வருஷங்களுக்கு மேலாகக் குறைந்தது 37 கோடியே 90 லக்ஷம் டாலர் செலவிட்டும், அதற்கேற்ற பயனைப் பெறவில்லையென அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2013-இல் குற்றங்கூறிற்று. நமது அபிப்பிராயத்தில் இதன் காரணம், கேள்வி பிறக்குமுன் படம் பிறந்ததே. ‘டோடாஃப்’ இரண்டாம் பதிப்பே, எல்லாப் படங்களையும் வரைய வேண்டா, தீர்மானிக்க வேண்டிய விஷயத்திற்கு எவை தக்கனவோ அவற்றை மட்டும் வரைக என்று மாற்றிக்கொண்டது. நூறு பெட்டிகள் கொண்ட சித்திரத்தைவிட, பதில் கிடையாத ஓர் அம்பைக் காட்டும் சிறு தாளே மேல்.

மற்றுமொரு குறையையும் கூறாமலிருக்க இயலவில்லை. ஸர்க்கார் வரையும் படங்களில் மீனவர் பெரும்பாலும் ஓரத்தில் ‘கண்ணும் காதும்’ என்னும் அலங்காரப் பெயரோடு நிற்பர். செய்தி அவரிடமிருந்து போகும் அம்பு உண்டு. அவருக்குத் திரும்பி வரும் அம்பு இராது. சொன்ன செய்தி என்னவாயிற்று என்று அறியாதவர் இரண்டாம் முறை சொல்லத் தயங்குவார். அன்றியும், சந்தேகத்திற்குரிய படகைப் பற்றிச் சொல்பவரும், எல்லையருகே சந்தேகத்திற்குள்ளாகி நிறுத்தப்படுபவரும் இக்கரையில் ஒரே மனிதராயிருக்கலாம். அவரைப் படத்தின் எந்தக் கட்டத்தில் வைப்பது என்பது ஸ்தாபனச் சிற்பிகள் இங்கு வந்து நம்மவரோடு அமர்ந்து தீர்க்க வேண்டிய காரியம்.

பொறியியல் கற்கும் நமது பிள்ளைகள் சிலர் இவ்விடுமுறையில் சேதுக்கரை, கீழக்கரைப் பக்கத்து மீனவர்களைக் கண்டு, மேற்கூறிய அம்புகளை ஒவ்வொன்றாய் வினவி ஒரு தாளில் வரைந்து தருவார்களாயின், சங்கக் காரியதரிசி அதனை ஜில்லா கலெக்டரிடம் சேர்ப்பிப்பார். 1093, 1554 என்னும் இரண்டு எண்களையும் இன்று தாய்மார்கள் குறித்துக்கொண்டு செல்ல வேண்டுகிறோம்.