மூடிய கண்ணும் விழித்த மூளையும்

(மும்பை மாதுங்காவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



விழிப்பு, ஸ்வப்னம், ஸுஷுப்தி என்று மாண்டூக்ய உபநிஷத் பிரித்துச் சொன்னதை நாம் கேட்டிருக்கிறோம். இவற்றைக் கருவி வைத்து அளக்க முடியும் என்பது போன நூற்றாண்டில்தான் தெரிந்தது. ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது விநாடிக்கு சுமார் 10 முறை ஏறி இறங்கும் ஓர் அலை தெரியும். கண்ணைத் திறந்தால் அது அடங்கிவிடும்.

தூக்கம் வரும்போது கண்கள் மெதுவாக உருளும். ஆழ்ந்த தூக்கத்தில் அலைகளும் மந்தமாகும். சுமார் 90 நிமிஷத்துக்கு ஒரு முறை மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக ஓடும். மூளையின் அலைகளோ ஏறக்குறைய விழித்திருப்பவருடையதைப் போல இருக்கும். சிகாகோவில் அஸெரின்ஸ்கி, கிளைட்மன் இருவரும் 1953-ல் இதை வெளியிட்டார்கள். அப்போது எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் கை கால்களை மூளை கட்டிப்போட்டு வைக்கிறது. கனவில் ஓடினாலும் கால் ஓடாது. இந்தக் கட்டு சிலருக்கு அவிழ்ந்துவிடும். 1986-ல் அமெரிக்காவில் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் இதை ஒரு வியாதியாக விவரித்தார்கள்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த மாமா ஒருவர் பரம சாது. விடியற்காலையில் தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். பக்கத்தில் படுத்த மாமிக்குக் கை வீங்கிவிட்டது. "ஏதோ கெட்ட சொப்பனம், வெளியில சொல்ல வேண்டாம்" என்று மாமி மூன்று வருஷம் மறைத்தாள். பிறகுதான் மாமாவுக்குக் கை நடுக்கம் வந்தது.

இந்தக் கோளாறு உள்ளவர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், பெரும்பாலோருக்குப் பார்க்கின்ஸன் வியாதியோ அதைச் சேர்ந்த மறதி நோயோ வந்திருக்கிறது. எல்லோருக்கும் வரும் என்றில்லை. சில மாத்திரைகளாலும், தூக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாலும் இப்படி நேரலாம். அதைப் பிரித்தறிய நரம்பியல் டாக்டர் வேண்டும். இரவு முழுவதும் மூளை அலை, கண் அசைவு, தசை மூன்றையும் பதிவு செய்து பார்ப்பார்கள். நமக்குப் பக்கத்தில் பரேல் கே.இ.எம். ஆஸ்பத்திரியிலேயே நரம்பியல் பிரிவு இருக்கிறது. அதுவரை கட்டிலைத் தாழ்த்துங்கள், கூரான மேஜையை நகர்த்துங்கள், தனித்தனியாகப் படுங்கள்.

தூங்குகிறவருக்கு இது தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் செய்யும்போது, "சாப்பிட்டாச்சா?" என்பதோடு, "அம்மா, ராத்திரி அப்பா எப்படித் தூங்கறார்?" என்றும் கேளுங்கள்.