டிரைவ்ல போட்டுட்டா போதுமா?

ஆய்வேட்டைப் பாதுகாக்கிறது பத்திப் பேசின போன உரைக்கு வந்த கமெண்ட்டுகளை உட்கார்ந்து படிச்சேன். முக்கால்வாசிப் பேர் கேட்டிருக்கிறது ஒரே கேள்வி: "சார், தீசிஸ் பிடிஎஃப்பை கூகுள் டிரைவ்ல போட்டு, லிங்கை வாட்ஸ்அப் குரூப்ல அனுப்பிட்டேன். இது போதாதா?"

போதாது. போன தடவையே சொன்னேன், இன்னொரு தடவையும் சொல்றேன். பகிர்றது வேற, பாதுகாக்கிறது வேற.

டிரைவ் உங்க சொந்தக் கணக்கு. ரெண்டு வருஷம் தொடாம கிடக்கிற கணக்கை அழிக்கலாம்னு கூகுள் 2023லயே விதி கொண்டுவந்தாச்சு. கல்லூரி கொடுத்த மெயில்ல ஏத்தியிருந்தா இன்னும் மோசம். அந்த மெயிலை மூடுற அன்னைக்கே தீசிஸும் போயிரும். அப்புறம் யார் கிட்ட போய்க் கேப்பீங்க?

பிஎச்.டி. ஆய்வேட்டுக்கு நம்ம நாட்டுல உரிய இடம் ஷோத்கங்கா. காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துற களஞ்சியம் அது. ஆய்வேட்டோட மென்பிரதியைப் பல்கலைக்கழகம் அனுப்பணும்னு 2009லயே யுஜிசி விதி வந்துருச்சு. அங்க ஏறின ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் ஹேண்டில்னு ஒரு நிலையான எண் கிடைக்கும். 10603ன்னு ஆரம்பிக்கும். நாளைக்கு சர்வரை மாத்தினாலும், தளத்தோட முகவரியை மாத்தினாலும், அந்த எண் வழியாப் போனா உங்க ஆய்வேட்டுக்கே போய்ச் சேரலாம். அடிக்குறிப்புல போட வேண்டியது அந்த எண்ணைத்தான்.

நான் நூலகத்துல வேலை பார்த்தப்போ ஒரு பொண்ணு வெளியூர்ல இருந்து வந்துச்சு. தொண்ணூறுகள்ல வந்த ஒரு ஆய்வேடு வேணும்னு கேட்டுச்சு. எல்லாப் புத்தகத்துலயும் மேற்கோள் இருக்கு, மூலத்தை மட்டும் பார்த்தவங்க யாரும் இல்ல. துறையில இருந்த பிரதியை யாரோ எடுத்துட்டுப் போய்த் திருப்பித் தரல. கடைசியில, எழுதினவரோட வீட்டுப் பரண்ல ஒரு பைண்டிங் பிரதி கிடைச்சது. நடுவுல ஒரு அத்தியாயத்தையே கரையான் தின்னிருந்தது. அந்தப் பொண்ணுக்கு வேண்டியது அந்த அத்தியாயம்தான்! "அங்கிள், இதுக்கா நாலு பஸ் மாறி வந்தேன்"னு கேட்டப்போ எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

இப்போ வந்த சந்தேகங்கள்.

"திறந்து வச்சா திருட மாட்டாங்களா?" அலமாரியில பூட்டி வச்ச ஆய்வேட்டைத்தான்யா பயமில்லாமத் திருடலாம். ஒப்பிட்டுப் பார்க்க யாருகிட்டயும் பிரதி இருக்காது. களஞ்சியத்துல தேதியோட, உங்க பேரோட இருந்தா, திருட்டைச் சரிபார்க்கிற மென்பொருள் கண்ணுல பட வாய்ப்பு இருக்கு.

"நானே ஏத்தலாமா?" ஷோத்கங்காவுல முடியாது. பல்கலைக்கழகம்தான் ஏத்தணும். நூலகத்துல அதுக்கு ஒரு ஒருங்கிணைப்பாளர் இருப்பார், அவரைப் பிடிங்க.

"கட்டுரை, தரவு, களப்பணி ஒலிப்பதிவு எல்லாம்?" அதுக்கு ஜெனோடோ இருக்கு. ஐரோப்பாவோட செர்ன் ஆய்வு மையம் 2013ல இருந்து நடத்துது. இலவசம், டிஓஐன்னு ஒரு நிலையான எண்ணும் தருவாங்க. பேட்டி கொடுத்தவங்க சம்மதம் இல்லாம அவங்க குரலை ஏத்தாதீங்க.

"இதழ்ல வந்த கட்டுரையை அப்படியே போடலாமா?" பதிப்பகத்தோட விதியைப் பாருங்க. நிறைய இதழ்கள், அச்சுக்கோக்கிறதுக்கு முன்னால ஏத்துக்கிட்ட கையெழுத்துப் பிரதியைப் போட விடுவாங்க.

தமிழ்ல ஆய்வு பண்ணினவங்க இதைக் கவனமாக் கேளுங்க. களஞ்சியத்துல ஏறின பிறகும் உங்க ஆய்வேடு யார் கண்ணுலயும் படாம கிடக்கலாம். காரணம் எழுத்துரு. பாமினிங்கற எழுத்துருவுல "தமிழ்"னு நீங்க அடிக்கும்போது, கணினி சேமிக்கிறது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரையில தமிழ் மாதிரி தெரியும், தேடினா வராது. தமிழ்நாடு அரசு 2010லயே யுனிகோடைத் தரமா அறிவிச்சாச்சு. இன்னும் டிடிபி சென்டர்ல பாமினியில அடிச்சுக் கொடுக்கறாங்க, நீங்களும் கேள்வி கேட்காம வாங்கிட்டு வர்றீங்க!

சோதிச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியை காப்பி பண்ணி நோட்பேட்ல ஒட்டுங்க. தமிழா வந்தா நல்லது. ஆங்கில எழுத்தும் குறியுமா வந்தா, மூலக் கோப்பை யுனிகோடுக்கு மாத்தி, மெய்ப்புப் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும். மாத்தும்போது கொம்பும் காலும் இடம் மாறும், வரி வரியாப் பாருங்க. பிரிண்ட் எடுத்து ஸ்கேன் பண்ணி மட்டும் கொடுக்காதீங்க, அது வெறும் படம். தலைப்பு, சுருக்கம் ரெண்டையும் தமிழ்லயும் ஆங்கிலத்துலயும் எழுதிக் கொடுங்க.

"வைவா முடிஞ்சா கைடு பார்த்துப்பார்"னு ஒரு தம்பி எழுதியிருக்கார். தம்பி, கைடுக்கு அடுத்த மாணவர் வந்தாச்சு. உங்க ஆய்வு, நீங்கதான் பார்க்கணும்.

சரி, உரையைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை. ஷோத்கங்காவைத் திறந்து உங்க பேரைத் தேடுங்க. இருந்தா ஹேண்டில் எண்ணை எடுத்து உங்க பயோடேட்டாவுல சேருங்க. எல்லா அத்தியாயமும் திறக்குதான்னும் பாருங்க. இல்லன்னா, பட்டம் வாங்கிய வருஷம், துறை, நெறியாளர் பேர் போட்டு நூலகருக்கு இன்னைக்கே மெயில் அனுப்புங்க. ஒரு வாரத்துல பதில் வரலன்னா நேர்ல போங்க. என்ன சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த உரையில அதையே எடுத்துப் பேசுவோம்.