முறுக்குத் தண்டு



மரக் கடைசலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், கிண்ணமும் பம்பரமும் பூரிக்கட்டையும் கடைந்து கை பழகி, இனி என்ன செய்யலாம் என்று யோசிக்கும் பருவத்தில், பெரும்பாலும் ஆசைப்படுவது ஒரு ஜோடி முறுக்குத் தண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைச் செய்துவிட வேண்டுமென்றுதான். அடிப்பீடமும் மேற்கிண்ணமும் வட்டமாயிருக்க, இடையிலுள்ள தண்டு மட்டும் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி ஏறுவதைக் காண்பவர்கள், அதுவும் கடைசல் இயந்திரத்தின் ஓட்டத்திலேயே விளைந்ததென்று எண்ணிக்கொள்கிறார்கள். அந்த இயந்திரத்துக்கோ வட்டத்தைத் தவிர வேறு வடிவம் தெரியாது. சுழலும் மரத்தின்மேல் உளியை எங்கே ஊன்றினாலும் வளையம் விழுமேயன்றி முறுக்கு விழாது. இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத் தொடர்பையும் துண்டித்துவிட்டு, மனிதன் தன் கையாலும் கண்ணாலும் செய்து தீர வேண்டிய வேலை அது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதும் அந்த வேலையைப் பற்றித்தான்.

முறுக்குத் தண்டின் வமிசம் மிகப் பழமையானது. நான்காம் நூற்றாண்டில் ரோமாபுரியில் புனித பேதுருவின் கல்லறைமீது எழுந்த தேவாலயத்துக்கு, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி கீழ்த்திசையிலிருந்து முறுக்கிய சலவைக்கல் தூண்களை வரவழைத்துக் கொடுத்தார். பிற்காலத்து யாத்திரிகர்கள் அவை ஜெருசலேமில் சாலமோன் அரசர் கட்டிய ஆலயத்திலிருந்து வந்தவை என்று பக்தியோடு நம்பினார்கள். அந்தத் தூண்களை மனத்தில் கொண்டுதான் பெர்னினி என்னும் மகா சிற்பி, 1624 முதல் 1633 வரை உழைத்து, இன்றைய பேதுரு ஆலயத்தின் பெரிய பீடத்துக்குமேல் நான்கு பிரம்மாண்டமான வெண்கல முறுக்குத் தூண்களை நிறுத்தினார். கல்லிலும் வெண்கலத்திலும் கம்பீரமாக நின்ற வடிவம், மரத்துக்கு இறங்கி, நாற்காலிக் கால்களிலும் மேஜைக் கால்களிலும் மெழுகுவர்த்தித் தாங்கிகளிலும் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் 1660-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் நாடு திரும்பி அரியணை ஏறியதிலிருந்து அந்த நூற்றாண்டின் முடிவு வரையிலும் அதற்கு நல்ல யோக காலம்.

இந்தக் கதையில் நம்மவர்களுக்கும் ஒரு பங்கு உண்டென்பதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அதே பதினேழாம் நூற்றாண்டில், சோழமண்டலக் கரையில், இரும்பை ஒத்த கடினமுள்ள கருங்காலியில் முறுக்குக் கால்களும் முறுக்குக் கம்பங்களும் வைத்து, சாய்வுப் பலகைகளில் நெருக்கமான பூவேலை செதுக்கி, நாற்காலிகள் செய்து ஐரோப்பியக் கப்பல்களில் ஏற்றினார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அத்தகைய நாற்காலிகளை இன்றும் காணலாம். அவற்றின் இனத்தைச் சேர்ந்த சில, அடுத்த நூற்றாண்டில் ஹோரேஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளருக்குக் கிடைத்தபோது, அவர் அவற்றை டியூடர் மன்னர்கள் காலத்து வேலைப்பாடென்று நம்பித் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகையில் வைத்துப் போற்றினார். அவர் வியந்து வியந்து பார்த்த அந்த முறுக்கு, நம் கடற்கரையில் வாழ்ந்த தச்சர்களின் கைவண்ணம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் பெருமிதத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

பிற்காலத்தில் இயந்திரத்தைக் கொண்டே முறுக்கு வெட்டவும் வழி பிறந்தது. லண்டனில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில் தொடங்கிய ஹோல்ட்ஸாப்ஃபெல் குடும்பத்தார், பல்சக்கரங்களைக் கோத்து, மரம் சுழலும் வேகத்துக்கும் உளி நகரும் வேகத்துக்கும் ஒரு விகிதம் ஏற்படுத்தி, பொழுதுபோக்குக்காகக் கடையும் சீமான்களுக்கென்று அற்புதமான இயந்திரங்களைச் செய்து விற்றார்கள். அவற்றின் நுட்பத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும், நம்மைப்போன்ற சாமானியர்களுக்கு எட்டக்கூடியது பென்சிலும் வாளும் அரமும்தான். கையால் செய்த முறுக்கில் மேட்டின் வளைவு சற்றே மூச்சு விடுவதுபோல் தோன்றும் உயிர்ப்பு, பல்சக்கரம் வெட்டிய முறுக்கில் எனக்குத் தென்பட்டதில்லை.

பத்துப் பன்னிரண்டு அங்குல உயரமுள்ள தாங்கியொன்றை எடுத்துக்கொள்வோம். முறுக்கு ஏற வேண்டிய நடுப்பகுதியை இரண்டு அங்குல விட்டமும் ஆறு அங்குல நீளமும் உள்ள ஒழுங்கான உருளையாகக் கடைந்து, அதன் இரு முனைகளிலும் ஒரு மணியோ வளையமோ கடைந்து எல்லை கட்டிவிட வேண்டும். இத்துடன் இயந்திரத்தின் ஓட்டம் நின்றது. இனி அது மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிடிமானம் மட்டுமே. உளி தாங்கியை உருளையோடு ஒட்டி நகர்த்தி, அதையே அளவுகோலாகக் கொண்டு, நீளவாட்டில் சம இடைவெளியில் நான்கு நெடுங்கோடுகள் இழுக்கிறோம். பிறகு, உருளையைக் கையால் திருப்பிக்கொண்டே, அரை அங்குலத்துக்கு ஒன்றாகச் சுற்றுக்கோடுகள் போடுகிறோம். முதல் நெடுங்கோடும் முதல் சுற்றுக்கோடும் சந்திக்கும் புள்ளியில் பென்சிலை ஊன்றி, இரண்டாம் நெடுங்கோடும் இரண்டாம் சுற்றுக்கோடும் சந்திக்கும் புள்ளிக்கும், அங்கிருந்து மூன்றாவதற்கும் நான்காவதற்குமாகக் கட்டந்தோறும் மூலைவிட்டம் போட்டுக்கொண்டு போனால், நான்கு கட்டங்கள் கடப்பதற்குள் கோடு உருளையை ஒரு முறை வலம் வந்து இரண்டு அங்குலம் ஏறியிருக்கும். ஒற்றை முறுக்குக்கு, விட்டம் எவ்வளவோ அவ்வளவே ஒரு சுற்றின் ஏற்றமும் என்பது கண்ணுக்கு இதமான கணக்கு. இந்தக் கோடு முறுக்கின் மேடு. எதிர்ப்புறத்தில், அதாவது மூன்றாம் நெடுங்கோட்டில் தொடங்கி, இதேபோல் இன்னொரு கோடு ஏற்றினால் அது பள்ளம். மேட்டுக்கு நீலமும் பள்ளத்துக்குச் சிவப்புமாக இரண்டு நிறப் பென்சில்களை வைத்துக்கொள்வது மிகவும் அவசியம். மரத்தூள் படிந்து கோடுகள் மங்கிய நிலையில் மேட்டின்மேல் வாளை வைத்துவிட்டால், அந்தக் கட்டை அடுப்புக்குத்தான்.

பள்ளக் கோட்டின்மேல் சிறு வாளால் அறுக்கத் தொடங்குகிறோம். கால் அங்குலத்துக்குச் சற்று மேல் வாள் இறங்காதவாறு, அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய மரச்சட்டத்தைப் பிணைத்துக்கொள்வது நல்லது. வலக்கை அறுக்க, இடக்கை உருளையைச் சிறுகச் சிறுகத் திருப்பிக் கொடுக்க, வாளின் வாய் கோட்டை விட்டு விலகாமல் ஆறு அங்குலத்தையும் கடந்து வருவதற்குள் நேரம் போவதே தெரியாது. பிறகு உருண்டையான முரட்டு அரத்தால் அந்த அறுவாயை அகலப்படுத்தி, பள்ளம் நல்ல உருவம் பெற்றதும், மேட்டின் இரு தோள்களையும் தட்டை அரத்தால் உருட்டிவிடுகிறோம்.

மரத்தின் ரேகை தன் சுபாவத்தை வெளிப்படுத்துவது இந்தக் கட்டத்தில்தான். நார்கள் தண்டின் நீளவாட்டில் ஓடுகின்றன. நாமோ அவற்றுக்குக் குறுக்கே சாய்ந்து ஏறும் ஓர் ஓடையை வெட்டுகிறோம். ஆகவே ஓடையின் எந்தக் கரையில் வேலை செய்தாலும், மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கியே இழைப்பு இறங்க வேண்டும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறினால் நார் கிளம்பிச் சிராய் சிராயாகப் பிய்ந்து வரும். இரண்டு கரையின் இழைப்புகளும் ஓடையின் அடியில் சந்திக்கும் மெல்லிய வரியில்தான் சொரசொரப்பு கடைசி வரையில் தங்கியிருக்கும். எவ்வளவு வெளிச்சத்தில் பார்த்தாலும் கண்ணுக்கு அகப்படாத அந்தக் குறையை, ஆள்காட்டி விரலை ஓடைக்குள் வைத்து மெல்ல இழுத்தால் விரல் உடனே கண்டுபிடித்துவிடும். அந்த வரியை வழவழப்பாக்க, துணி முதுகுள்ள உப்புத்தாளை நீளவாட்டில் கிழித்து, ஓடையில் பதித்து, மத்தில் கட்டிய கயிற்றைத் தயிர் கடைபவள் இழுப்பதுபோல் இரு கைகளாலும் மாறி மாறி இழுக்க வேண்டும். முதலில் முரட்டுத்தாள், பிறகு நடுத்தரம், பிறகு மென்தாள் என்று கிரமமாக வராமல் இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்பவர்களுக்கு, மெருகு ஏற்றியதும் பழைய கீறல்களெல்லாம் பளிச்சென்று வெளியே தெரிந்துவிடும்.

அடிப்பீடத்தின் அகலம் உயரத்தில் பாதியளவாவது இருக்க வேண்டும். அதன் அடிப்புறத்தைச் சற்றுக் குழிவாகக் கடைந்தால் தாங்கி விளிம்பில் நின்று ஆடாமல் இருக்கும். மேற்கிண்ணத்துக்குள் ஒரு பித்தளைக் குவளையைப் பொருத்துவது அலங்காரத்துக்காக அல்ல. மெழுகு உருகித் திரி அடிவரை எரிந்து வரும்போது மரம் கருகாமல் காப்பது அதுதான். மெருகுக்குத் தேன்மெழுகே போதும். தடித்த வார்னிஷ் பள்ளங்களில் தேங்கி, பாடுபட்டுச் செய்த வளைவுகளை மழுக்கிவிடும்.

மரத்தைப் பொறுத்தவரை, முதலில் பழகுகிறவர்கள் நெருங்கிய நேரான ரேகையுள்ள மரமாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில் மஞ்சட்கடம்பு அதற்கு உத்தமமானது. ஆங்கிலேயர் ஓக்கிலும் வால்நட்டிலும் இந்த வேலையைச் செய்து புகழ் பெற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஓக்கின் அகன்ற துளைகள் புதிய கையின் அரத்துக்குச் சுலபத்தில் பணியமாட்டா. முடிச்சுள்ள கட்டையை எவ்வளவு அழகாயிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

இவ்வளவும் ஒரு தாங்கிக்குத்தான். தேர்ந்த வேலையில் ஜோடியில் ஒன்று வலம்புரியாகவும் மற்றது இடம்புரியாகவும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே திசையில் முறுக்கியிருந்தால், மேஜையின் இரு பக்கங்களிலும் வைத்துப் பார்க்கும்போது ஏதோ ஒன்று குறைவதுபோல் கண் தவிக்கும். கோடு போடும் முறையில் பெரிய மாறுதல் ஒன்றுமில்லை. அதே நான்கு நெடுங்கோடுகள், அதே சுற்றுக்கோடுகள். முதல் நெடுங்கோட்டிலிருந்து இரண்டாவதற்குப் போகாமல் நான்காவதற்குத் திரும்ப வேண்டும், அவ்வளவே. சிரமமெல்லாம் கைக்கு. ஒரு திசைச் சாய்வில் இயல்பாக ஓடிய அரம், எதிர்த்திசைச் சாய்வில் மணிக்கட்டைத் திருப்பச் சொல்லி, தோளை உயர்த்தச் சொல்லி, நிற்கும் இடத்தையே மாற்றச் சொல்லுகிறது. முதலாவது அழகாக அமைந்துவிட்ட உற்சாகத்தில் இரண்டாவதைத் தொடுகிறவர்கள், அதற்கு ஈடாக இது வரவில்லையே என்று மனம் சோர்ந்து பாதியில் நிறுத்திவிடுவது உண்டு. அதனால் நான் கைக்கொள்ளும் வழக்கத்தைச் சொல்லுகிறேன். ஒரு வீண் கட்டையில் இரு திசைகளிலும் சிறிது அறுத்துப் பார்த்து, உங்கள் கைக்கு இணங்காத திசை எதுவென்று முன்பே தெரிந்துகொண்டு, அந்தத் தாங்கியையே முதலில் செய்யுங்கள். அது எவ்வளவு நேர்த்தியாக வருகிறதோ, அந்த நேர்த்திக்கு மற்றதைக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் கைக்குச் சுலபமாயிருக்கும்.