கேட்பாரற்ற குரல்



"கவிதையில் பிற உயிர்கள்" என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்தீர்கள். பொருள் மிக விரிந்தது. குருகையும் அன்றிலையும் பிடியையும் களிற்றையும் தொட்டுச் சென்றாலே ஒரு மாலைப்பொழுது போதாது. அவற்றை என்னினும் நன்கறிந்தவர்கள் முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே, நம் கவிதை அதிகம் கண்டிராத ஓர் உயிரை எடுத்துக்கொள்கிறேன். ஓர்கா என்னும் கடல்விலங்கு அது. கொலைகாரத் திமிங்கிலம் என்று அதற்கொரு பெயருண்டு. உண்மையில் அது ஓங்கில் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தில் உருவால் மிகப் பெரியது. ஓர்காக்கள் அனைத்தையும் பற்றியும் பேசப்போவதில்லை. ஒன்றே ஒன்றின் வாழ்க்கையைச் சொல்லப்போகிறேன்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலக் கடலில், விட்பி தீவை ஒட்டிப் பென் கோவ் என்றொரு சிறு வளைகுடா இருக்கிறது. 1970 ஆகஸ்டு 8ஆம் நாள், காட்சிசாலைகளுக்கு விலங்கு பிடித்து விற்கும் குழுவினர், படகுகளாலும் வானூர்தியாலும் வெடிகளாலும் வெருட்டி, ஏறத்தாழ 80 ஓர்காக்களை அங்கே வளைத்தனர். குட்டிகளைத் தாய்களிடமிருந்து வலையால் பிரித்தனர். பயிற்றுவிப்பதற்கு எளியவை, ஏற்றிச் செல்லச் செலவு குறைந்தவை என்பதால் குட்டிகளே அவர்களுக்கு வேண்டியிருந்தன. ஏழு விற்கப்பட்டன. ஐந்து, வலையில் சிக்கி மூழ்கி இறந்தன. இறந்தவற்றின் வயிற்றைக் கிழித்துக் கல்லை நிரப்பி, நங்கூரம் கட்டிக் கடலில் ஆழ்த்தினார்கள். அவ்வாண்டு நவம்பரில் மூன்று உடல்கள் கரையொதுங்கியபோதுதான் ஊரறிந்தது. பிடிபடாத பெரியவை வலைக்கு வெளியே அகலாமல் நின்று குரல் எழுப்பிக்கொண்டிருந்தன. அப்பணியில் கூலிக்கு இறங்கிய மூழ்காளி ஒருவர், அக்குரல்களைக் கேட்டுத் தாம் அழுதுகொண்டே வேலை செய்ததைப் பின்னாளில் கூறியிருக்கிறார்.

விற்கப்பட்ட ஏழில் ஒன்று, ஏறத்தாழ நான்கு வயதுப் பெண்குட்டி. நாட்டின் எதிர்மூலையில், புளோரிடாவின் மியாமி சீக்வேரியம் என்னும் கடற்காட்சிசாலைக்கு அது சென்று சேர்ந்தது. அங்கிருந்த கால்நடை மருத்துவர் அதற்கு டோக்கிட்டே என்று பெயரிட்டார். வடமேற்குக் கரையோரத்தின் பழைய வணிகக் கலப்புமொழியான சினூக்கில், அழகிய வண்ணங்களையும் நல்ல நாளையும் குறிக்கும் வாழ்த்துச்சொல் அது என்பர். மேடைக்கு அப்பெயர் போதவில்லை போலும். லோலிட்டா என மாற்றினார்கள். நபக்கோவின் நாவலில், நடுவயது ஆடவன் ஒருவனின் இச்சைக்கு இரையாகும் சிறுமியின் பெயர் அது. நாவலைக் கருத்தூன்றிப் படித்த எவரும், தாயிடமிருந்து பறித்து வந்த குட்டிக்கு அப்பெயரைச் சூட்டத் துணியமாட்டார்.

இங்கே ஓர் இலக்கணக் குறிப்பு. இவ்வுயிரை நான் "அது" என்றே சுட்டி வருகிறேன். "அவள்" என்று சொல்லியிருந்தால் உங்கள் நெஞ்சம் விரைந்து இளகியிருக்கும்; ஆனால் அந்நொடியே அவள் நம்முள் ஒருத்தியாகியிருப்பாள். கூண்டைக் கண்டதும் நம் சிறைகளையும், சிறகொடிந்த பறவையைக் கண்டதும் நம் பெண்களையும் நினைத்துக்கொள்வது நம் கவிதையின் வழக்கமாகிவிட்டது. அதில் நல்ல கவிதைகளும் பிறந்திருக்கின்றன, மறுக்கவில்லை. எனினும் அக்கவிதைகளில் கிளி எங்கே இருக்கிறது? கிளி ஒரு கண்ணாடி. அதில் தெரிவது நம் முகம். இந்த ஓர்காவை அப்படிக் கண்ணாடியாக்க எனக்கு மனமில்லை. அதற்கென்று ஒரு வாழ்வு இருந்தது. அவ்வாழ்வில் எது பறிபோயிற்று என்பதைத் துல்லியமாகக் காண்பதே, அதற்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

பறிபோனது கடற்பரப்பு என்று உடனே சொல்லத் தோன்றும். அதுவும் பொய்யன்று. ஒரு நாளில் நூறு மைல் வரை நீந்தவல்ல விலங்கு அது. தொட்டியோ 80 அடி நீளம், 35 அடி அகலம். ஆழம் மிகுந்த இடத்திலும் 20 அடி. வளர்ந்தபின் அதன் உடல்நீளமே ஏறத்தாழ 20 அடி. நிமிர்ந்து நின்றால் வால் தரையைத் தொடும். மியாமி வெயிலுக்குத் தக்க நிழலும் இல்லை. ஆயினும் இடநெருக்கடி ஒன்றையே பேசுவோமாயின் முதன்மையான இழப்பை விட்டுவிடுவோம்.

இந்த ஓர்கா பிறந்த சமூகத்தை அறிவியலார் தெற்கத்திய நிலைவாழ் ஓர்காக்கள் என்பர். ஜே, கே, எல் என மூன்று கூட்டங்கள். இது எல் கூட்டத்தது என்பது பரவலான கருத்து. சால்மன் மீன்களே, அவற்றுள்ளும் சினூக் சால்மனே, இவற்றின் முதன்மை உணவு. தாய்வழிக் குடும்பங்களாக வாழ்பவை. மகளும் மகனும் ஆயுள் முழுதும் தாயின் குடும்பத்தைவிட்டுப் பிரிவதில்லை. நம் குடும்பங்களில் இதைச் சொன்னால் மருமகள்மார் நகைப்பார்கள். பிள்ளைப்பேறு நின்ற பின்னரும் கிழத்தாய்கள் நெடுங்காலம் வாழ்ந்து, இரை குறைந்த பருவங்களில் கூட்டத்துக்கு வழிகாட்டுகின்றன. கனடிய அறிஞர் ஜான் ஃபோர்டு, நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கி ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்த அழைப்பொலிகள் உண்டு என நிறுவினார். அவை பிறவியில் வருவனவல்ல. குட்டி, தாயிடமும் சுற்றத்திடமும் கேட்டுக் கற்பவை. இதை மொழி என்று சொல்ல அறிவியலார் தயங்குவர். நாமும் அவசரப்பட வேண்டாம். குரல் மரபு எனலாம். வட்டார வழக்கு என்னும் சொல்லை அவர்களே ஆள்கின்றனர். இருண்ட நீரில், கண் எட்டாத தொலைவில், நான் இங்கிருக்கிறேன், நீ எங்கிருக்கிறாய் என்று உறவைக் கட்டிக்காப்பது அக்குரலே.

இப்போது அந்தத் தொட்டிக்குத் திரும்புவோம். டோக்கிட்டே வந்தபோது அங்கே ஹியூகோ என்னும் ஆண் ஓர்கா இருந்தது. 1968இல் அதே வடமேற்குக் கடலில் பிடிக்கப்பட்டது. அதே தெற்கத்திய சமூகத்தைச் சேர்ந்தது. ஆகவே நாலாயிரம் அடி தூரமன்று, ஒரு கண்டத்தையே கடந்து வந்த பின்னரும், தன் சமூகத்துக் குரலை அறிந்த ஓர் உயிர் அதற்குக் கிடைத்தது. அவ்வுறவு பத்தாண்டுகள்கூட நிறையவில்லை. ஹியூகோ தலையைத் தொட்டிச் சுவரில் மோதிக்கொள்ளும் வழக்கமுடையது. ஒருமுறை பார்வைச் சாளரத்தையே உடைத்து மூக்கின் நுனியை அறுத்துக்கொண்டது. 1980 மார்ச்சில், மூளையின் இரத்தநாளம் புடைத்து வெடித்து இறந்தது.

அதன்பின் 43 ஆண்டுகள். அந்நெடுங்காலத்தில் டோக்கிட்டே மற்றோர் ஓர்காவைக் காணவில்லை. துணைக்கு ஓங்கில்களை விட்டிருந்தனர். அவை வேறு இனம், வேறு குரல். நாள்தோறும் இசை முழங்கும், துள்ளும், கையசைப்பதுபோல் துடுப்பை அசைக்கும், செத்த மீன் பரிசாகக் கிடைக்கும். அரங்கில் கைதட்டல் ஓயாது. ஆயிரக்கணக்கானோர் கேட்டும் கேட்பாரில்லாத குரல் அது. 1990களில் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக, அதன் உறவினரின் அழைப்பொலிப் பதிவைத் தொட்டியருகே ஒலிக்கச் செய்தபோது, அது ஒலிவந்த திசைக்கு வந்து கவனித்தது. அதன் குரலில் எல் கூட்டத்து அழைப்புகள் எஞ்சியிருந்ததாகக் கேட்டறிந்தோர் பதிவுசெய்துள்ளனர். நான்கு வயதில் கற்றது அது.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று மாணவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறோம். இரங்குவதற்கும் எதிரே ஒரு கடல் வேண்டும், வருவார் என்னும் நினைப்பு வேண்டும். அவையிரண்டுமற்ற இரங்கலுக்குத் திணை வகுக்கப்படவில்லை.

விடுவிக்க முயன்றோர் இல்லாமலில்லை. 1995இல் வாஷிங்டன் மாநில ஆளுநரே முன்னின்று கோரினார். உரிமையாளர்கள் மறுத்தனர்; நெடுங்காலம் தொட்டியில் வாழ்ந்தது கடலில் பிழைக்காது என்றனர். திரைப்படத்தால் புகழ்பெற்ற கெய்கோ என்னும் ஓர்கா 1998இல் ஐஸ்லாந்துக் கடலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2003இல் நார்வேயில் இறந்ததைச் சான்று காட்டினர். ஐந்தாண்டுக் காலம் அது கடல்நீரில் வாழ்ந்ததைச் சொல்லமாட்டார்கள். 2010இல் ஆர்லாண்டோவில் திலிகம் என்னும் ஓர்கா தன் பயிற்சியாளரைக் கொன்ற பின்னரே உலகம் இப்பூங்காக்களைச் சற்று ஐயத்தோடு பார்க்கத் தொடங்கியது. நம் நாடு 2013இல் ஓங்கில் காட்சிசாலைகளுக்கு அனுமதியில்லை என்று அறிவித்தது நல்ல செய்தி. மியாமியிலோ, 2021இல் அரசு ஆய்வாளர் தந்த அறிக்கை, கெட்டுப்போன மீன் உணவாகத் தரப்பட்டதையும் உணவளவு குறைக்கப்பட்டதையும் குறித்தது.

வடமேற்குக் கரையின் தொல்குடியினரான லம்மி மக்கள் இதில் நுழைந்தது வேறொரு கோணத்தில். விலங்குநலம் என்று அவர்கள் பேசவில்லை. அவர்கள் மொழியில் ஓர்காவைக் குறிக்கும் சொல், அலைக்கடியில் வாழும் எம் உறவினர் எனப் பொருள்படும். பறிகொடுத்த உறவை மீட்டுத் தருமாறு கேட்டார்கள். பிடிபட்ட வளைகுடாவில் இருந்த பழஞ்சிற்றூரின் பெயரால் அதற்கொரு பெயரும் சூட்டினார்கள். ஊர்ப்பெயரால் ஒருவரை அழைப்பதன் பொருள் நமக்கு விளக்க வேண்டியதில்லை.

2022இல் நிறுவனம் கைமாறியது, காட்சிகள் நின்றன. 2023 மார்ச்சில், பிறந்த கடலுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை முறையாக அறிவித்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், ஏறத்தாழ 57 வயதில், அதே தொட்டியில் டோக்கிட்டே இறந்தது. நுரையீரலும் சிறுநீரகமும் பழுதுற்றிருந்தன. அப்போது கடலில் எஞ்சியிருந்த அதன் சமூகத்தார் ஏறத்தாழ 75.

செப்டம்பரில் லம்மி மக்கள் அதன் சாம்பலை வாங்கிச் சென்று, தம் முறைப்படி வடமேற்குக் கடலில் சேர்த்தனர். அதே மாதத்தில், தொட்டியில் அதனோடு கடைசிவரை இருந்த ஓங்கிலை டெக்சாஸில் உள்ள மற்றொரு பூங்காவுக்கு மாற்றினார்கள்.