மின்ஸ்டர் லவல்: எலும்புக்கூடும் ஒரு கடிதமும்

இன்றைய எபிசோட் ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்குது. பேய்க்கதைகள் எபிசோட்ல, இங்கிலாந்தின் மின்ஸ்டர் லவல் மாளிகையில 1708இல் ஒரு எலும்புக்கூடு கிடைச்சதுன்னு பின்னணி இசையெல்லாம் போட்டுச் சொல்லியிருந்தேன். ஒரு நேயர் ஒரே வார்த்தைதான் எழுதியிருந்தார்: "ஆதாரம்?" என்கிட்ட பதில் இல்லை. அதனால தேடிப் படிச்சேன். போன மாசம் நேர்லயே போய்ப் பார்த்துட்டும் வந்தேன்.

ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து பஸ்ல விட்னி, அங்கிருந்து ஒரு மணி நேர நடை. வைக்கோல் கூரை போட்ட பழைய வீடுகள், ஒரு தேவாலயம், அதன் கல்லறைத் தோட்டம். அதைத் தாண்டினா மாளிகையின் இடிபாடு. டிக்கெட் கிடையாது. பின்பக்கம் விண்ட்ரஷ் ஆறு ஓடுது. தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்தது. நாலஞ்சு குழந்தைகள் அதுல விளையாடிக்கிட்டு இருந்தாங்க.

1430களில் வில்லியம் லவல் என்ற பிரபு கட்டின வீடு இது. நடுவுல இருக்கிற பெரிய கூடம் கிட்டத்தட்ட 12 மீட்டர் உயரம். கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தா நேரா வானம். விருந்தாளிகள் நடந்து வந்த கூழாங்கல் பாதை மட்டும் இன்னும் வாசல் வரைக்கும் அப்படியே இருக்கு.

வில்லியமோட பேரன் பிரான்சிஸ் லவல்தான் நம்ம கதையின் நாயகன். மூன்றாம் ரிச்சர்ட் மன்னருக்கு நெருங்கின நண்பர். 1483இல் ரிச்சர்ட் இந்த வீட்டுக்கே வந்து தங்கியிருக்கார். ரெண்டே வருஷத்துல பாஸ்வர்த் போர்ல ரிச்சர்ட் செத்துப்போறார், ஏழாம் ஹென்றி மன்னராகிறார். பிரான்சிஸ் அடங்கலை. 1487 ஜூன் 16ஆம் தேதி ஸ்டோக் போர்லயும் ஹென்றியை எதிர்த்து நிக்கிறார், தோத்துப் போறார். குதிரையோட ட்ரெண்ட் ஆற்றுல இறங்கினார்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் அவரைப் பார்த்ததா உறுதியான பதிவு எதுவும் இல்லை.

நான் சொன்ன கதை என்ன? அவர் ரகசியமா வீடு திரும்பி நிலவறையில ஒளிஞ்சார். 1708இல் புகைபோக்கி வேலைக்காக இடிச்சப்போ, மேசை முன்னால உட்கார்ந்தபடி ஒரு எலும்புக்கூடு. காத்து பட்டதும் பொடிப்பொடியா உதிர்ந்திடுச்சு.

இதுக்கு இருக்கிற ஆதாரம் வில்லியம் கூப்பர் என்கிற நாடாளுமன்ற அதிகாரி எழுதின ஒரு கடிதம். எழுதின வருஷம் 1737. அவரும் நேர்ல பார்க்கலை. 1728இல் ரட்லண்ட் கோமகன் சொல்லக் கேட்டாராம். சம்பவம் நடந்து 20 வருஷம் கழிச்சு ஒருத்தர் சொல்றார், இன்னொரு 9 வருஷம் கழிச்சு கேட்டவர் எழுதறார். ஆபீஸ்ல யாராவது இப்படி ஒரு லாக்கைக் காட்டினா நான் பக் டிக்கெட்டை மூடிட்டுப் போயிருப்பேன். மைக் முன்னால மட்டும் எப்படி நம்பினேன்னு தெரியலை.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ஸ்டோக் போருக்கு முன்னாடியே ஹென்றி இந்த மாளிகையைப் பறிச்சு, தன் சித்தப்பா ஜாஸ்பர் டியூடருக்குக் கொடுத்துட்டார். உயிருக்குப் பயந்து ஓடறவன் எதிரியோட சித்தப்பா வீட்டு நிலவறையிலயா போய் ஒளிவான்? 1488 ஜூன்ல ஸ்காட்லாந்து மன்னர் பிரான்சிஸ் பேர்ல ஒரு பாதுகாப்பு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கார். அவர் அங்க போய்ச் சேர்ந்ததுக்கான தடயம்தான் இல்லை.

இதெல்லாம் தேடினப்போதான் இன்னொரு கடிதம் கண்ணுல பட்டது. அதே 1488 பிப்ரவரியில பிரான்சிஸோட மாமியார் ஜான் பாஸ்டன் என்பவருக்கு எழுதினது. தன் மகள் கணவனுக்காக அலையா அலைஞ்சுக்கிட்டு இருக்கா, எட்வர்ட் ஃபிராங்க் என்பவர் வடக்கே போய் விசாரிச்சுட்டுத் திரும்பிட்டார், அவர் எங்கே இருக்கார்னு தெரியலை, இந்த நேரத்துல மகளை விட்டுட்டு என்னால நகர முடியாது. விஷயம் இவ்வளவுதான். அந்த மகள் பேர் ஆன். 1489இல் அரசாங்கம் அவங்களுக்கு வருஷத்துக்கு 20 பவுண்டு உதவித்தொகை கொடுத்திருக்கு.

பேய்க்கதை எபிசோட்ல ஆன் பேரை நான் ஒரு தடவைகூடச் சொல்லலை. எலும்புக்கூட்டுக்கு ஆறு நிமிஷம் கொடுத்தேன். அது நடந்ததான்னே தெரியாது. ஒரு பொண்ணு புருஷனைத் தேடினது நடந்தது, கையெழுத்தோட இருக்கு.

வீடு இடிஞ்சது எப்படின்னும் சொல்லிடறேன், போர்லன்னு நினைச்சுடாதீங்க. 18ஆம் நூற்றாண்டுல தாமஸ் கோக் என்பவர் கைக்கு வந்தது. அவர் நார்ஃபோக்ல ஹோக்கம் என்ற பெரிய மாளிகையைக் கட்டிக்கிட்டு இருந்தார். இந்த வீடு தேவைப்படலை. 1747 வாக்குல கட்டடக் கல்லுக்காகப் பிரிச்சுட்டாங்க. மிச்சமிருந்த சுவர்களை விவசாயிகள் பண்ணைக் கொட்டகையாப் பயன்படுத்தினாங்க.

கிளம்பும்போது ஆத்தங்கரையில ஒரு அப்பா தன் பையனுக்கு எலும்புக்கூடு கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தார். பையன் வாயைப் பிளந்து கேட்டுக்கிட்டு இருந்தான். நான் குறுக்கிடலை. அந்த வயசுல எனக்கும் அந்தக் கதைதான் வேணும்.

ஆனா உங்களுக்கு நான் திருத்தம் சொல்லக் கடமைப்பட்டிருக்கேன். பழைய எபிசோடை அழிக்கலை. முன்னாடி ஒரு நிமிஷக் குறிப்பு சேர்த்திருக்கேன். "ஆதாரம்?" கேட்ட நேயருக்கு நன்றி.